கோச்சிங் இல்லாமல் இயற்பியல் ஜிஆர்இ எழுத முடியுமா?

சோமனூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கோவையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறார். பிளஸ் டூ வரை தமிழ் வழி. வீட்டில் எட்டு விசைத்தறி, அப்பா கூலிக்கு நெய்கிறார். அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு இயற்பியல் ஜிஆர்இ என்று ஒரு தேர்வு உண்டு என்று சீனியர் அக்கா ஒருவர் சொல்ல, ஆன்லைன் கோச்சிங்கில் விசாரித்திருக்கிறார். அவர்கள் கேட்ட தொகை வீட்டின் இரண்டு மாத வருமானம். "நானாகவே படித்தால் முடியுமா மேடம்? தமிழ் மீடியம் என்பதால் வேகம் வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கட்டும்? அப்பாவிடம் செலவு எவ்வளவு என்று சொல்வது?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள அம்மிணி,

முடியும். நானும் கோபிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, சந்தேகம் கேட்க ஆளில்லாமல், 1990களில் இந்தத் தேர்வுக்குப் படித்தவள்தான். பழைய வினாத்தாள் ஒன்று கைக்கு வர மூன்று மாதம் காத்திருந்தேன். இன்றைக்கு அது உங்கள் போனில் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். ஆனால் நம் தப்பை நமக்குக் காட்டித் தர ஆள் கிடைப்பது அன்றும் கஷ்டம், இன்றும் கஷ்டம். கோச்சிங்கில் காசு கொடுத்து வாங்குவது அந்த ஆளைத்தான். அந்த இடத்தை வீட்டிலேயே எப்படி நிரப்பிக்கொள்வது என்பதைப் பற்றித்தான் அதிகமாகச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்தத் தேர்வு உங்களுக்குத் தேவைதானா என்று பாருங்கள். 2020இல் கொரோனா வந்த பிறகு அமெரிக்காவில் நிறைய இயற்பியல் துறைகள் இதைக் கட்டாயம் என்பதிலிருந்து எடுத்துவிட்டன. சில துறைகள் விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்கின்றன. சில துறைகள் அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்றே எழுதிவிட்டன. கட்டாயம் கேட்கிறவையும் இருக்கின்றன. வருடத்துக்கு வருடம் மாறக்கூடியது என்பதால் சீனியர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, சேர நினைக்கும் பத்துப் பன்னிரண்டு துறைகளின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து, ஒரு தாளில் கட்டாயம், விருப்பம், வேண்டாம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் பொது ஜிஆர்இ என்ற வேறொரு தேர்வைப் பற்றியது. இயற்பியல் துறையின் சொந்தப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

'விருப்பம்' கட்டத்தில் நாலைந்து துறை விழுந்தால்கூட நீங்கள் எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஐஐடி, ஐஐஎஸ்சி என்றால் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நம் ஊர்க் கல்லூரியின் பெயர் தெரியாது. தெரியாத கல்லூரியிலிருந்து வரும் 90 சதவீதத்தை எப்படி எடை போடுவது என்று அவர்கள் யோசிக்கும் இடத்தில், எல்லோருக்கும் பொதுவான ஒரு மதிப்பெண் உங்களுக்காகப் பேசும். சரியாக வரவில்லை என்றால் அந்தத் துறைகளுக்கு அனுப்பாமல் விட்டுவிடலாம்.

தேர்வை நடத்துவது ஈடிஎஸ் என்ற அமெரிக்கத் தேர்வு நிறுவனம். இப்போது கணினியில் 2 மணி நேரம், சுமார் 70 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். 200இலிருந்து 990 வரை மதிப்பெண். கால்குலேட்டர் கிடையாது. தப்பு விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் கிடையாது. நம் நாட்டில் மேல்படிப்புக்கு நடக்கும் கேட் (GATE) தேர்வுக்குப் பழகியவர்கள் கழித்துவிடுவார்களோ என்று பயந்து காலியாக விடுவார்கள். இங்கே ஒன்றைக்கூடக் காலியாக விடக்கூடாது. செப்டம்பர், அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் நடக்கிறது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிவதால் அடுத்த செப்டம்பரைக் குறி வையுங்கள். ஏதாவது தட்டிப்போனாலும் அக்டோபர் இருக்கிறது.

எந்தப் புத்தகம் என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறார்கள். பெரிய தேர்வு என்று நினைத்துக்கொண்டு குவாண்டம், அணுக்கரு, கணித இயற்பியல் என்று மேலே மேலே படிக்கிறார்கள். வினாத்தாளில் இயக்கவியல் 20 சதவீதம், மின்காந்தவியல் 18 சதவீதம். இரண்டும் சேர்ந்தாலே 38. வெப்பவியலும் புள்ளியியல் இயற்பியலும் 10, அணு இயற்பியல் 10. அதாவது தாளில் பெரும்பங்கு நீங்கள் பி.எஸ்சி. முதல் இரண்டு வருடத்தில் படித்து, தேர்வெழுதி, மறந்துபோனது. அதனால் பின்னால் போங்கள். ஹாலிடே, ரெஸ்னிக் எழுதிய அடிப்படை இயற்பியல் புத்தகம் உங்கள் கல்லூரி நூலகத்தில் கட்டாயம் இருக்கும். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம், ஒவ்வொரு பாடத்தின் கடைசியில் இருக்கும் கணக்குகளைப் போடுங்கள், தெரியாதபோது மட்டும் பாடத்துக்குத் திரும்புங்கள். மின்காந்தவியலுக்கு கிரிஃபித்ஸ் எழுதியதில் முதல் ஏழு அத்தியாயம், குவாண்டத்துக்கும் அவர் எழுதியதே. இந்த மூன்று போதும். நான்காவதாக ஒரு புத்தகத்தை யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, கணக்குப் போடும் விதம். நம் கல்லூரித் தேர்வில் படிப்படியாக எழுதினால்தான் மதிப்பெண். இங்கே அப்படி எழுத நேரமே இல்லை. நானே போட்ட ஒரு கணக்கை வைத்துக் காட்டுகிறேன்.

கிணற்றுக் கப்பி ஒன்று. திண்மத் தட்டு, நிறை 4 கிலோ. அதன் மேல் போட்ட கயிற்றின் ஒரு முனையில் 3 கிலோ, மறு முனையில் 1 கிலோ. கயிறு வழுக்கவில்லை. விட்டால் என்ன முடுக்கத்தில் இறங்கும்? விடைகள்: புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு, மூன்றில் ஒன்று, பாதி, மூன்றில் இரண்டு, முழுசு.

வகுப்பில் என்ன செய்வோம்? இரண்டு பக்க இழுவிசைக்கும் இரண்டு சமன்பாடு, கப்பிக்கு ஒன்று, மூன்றையும் தீர்க்க மூன்று நிமிடம். இப்போது இப்படிப் பாருங்கள். கப்பிக்கு நிறையே இல்லை என்று வைத்துக்கொண்டால் எடை வித்தியாசம் 2, மொத்தம் 4, முடுக்கம் பாதி. நிறை இருப்பதால் கப்பியைச் சுற்றவும் கொஞ்சம் விசை செலவாகும், அதனால் பாதிக்கும் கீழேதான் வரும். மூன்று விடைகள் அடிபட்டுப்போயின. மிச்சம் கால் பங்கும் மூன்றில் ஒன்றும். திண்மத் தட்டின் நிலைமத் திருப்புத்திறனில் ஒரு 'அரை' உண்டு, ஆகவே கப்பியின் 4 கிலோவில் 2 கிலோதான் கணக்கில் சேரும். 2ஐ 6ஆல் வகுத்தால் மூன்றில் ஒன்று. அரை நிமிடத்தில் முடிந்தது.

அந்தத் தப்பு விடைகளை இன்னொரு தடவை பாருங்கள். 'பாதி' என்பது கப்பியை மறந்துவிட்டவருக்காக வைத்தது. 'கால்' என்பது கப்பியை ஞாபகம் வைத்து, அரையை மறந்தவருக்காக வைத்தது. நல்ல வினாத்தாளில் ஒவ்வொரு தப்பு விடைக்கும் ஒரு காரணம் இருக்கும். எந்தத் தப்பு விடையைத் தொட்டீர்கள் என்பதை வைத்தே உங்களுக்கு எது தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். கோச்சிங் வாத்தியார் இல்லாத குறையை இதை வைத்தே பாதி தீர்த்துக்கொள்ளலாம்.

அதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தப்பு நோட்டு. சரியான விடையை அதில் எழுத வேண்டாம், அது புத்தகத்திலேயே இருக்கிறது. தப்பு விடை ஏன் சரியாகத் தோன்றியது என்று ஒன்றிரண்டு வரி எழுதுங்கள். "தட்டுக்கு அரை வரும் என்பதை மறந்தேன்." "கேள்வியில் நேர்வேகம் கேட்டிருந்தான், கோணவேகம் கண்டுபிடித்தேன்." "இந்தப் பாடம் எனக்குத் தெரியவே தெரியாது." தெரியாததால் வந்த தப்பு வேறு, அவசரத்தில் வந்த தப்பு வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒரு வாரம் கழித்து, எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டு அதே கணக்கை மறுபடி போடுங்கள். தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தால் அப்பா என்ன செய்கிறார்? தறியை நிறுத்தி, அறுந்த நூலைத் தேடி, முடிச்சுப் போட்ட பிறகுதானே ஓட்டுகிறார்? கவனிக்காமல் ஓட்டினால் துணி நெடுகக் கோடு விழும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஐம்பது கணக்குப் போட்டேன் என்று பெருமைப்படுகிற பிள்ளைகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். இருபது போட்டு, தப்பான ஆறை நின்று பார்த்தவர்கள்தான் தேறியிருக்கிறார்கள்.

வாத்தியார் இல்லாத குறையின் மறு பாதிக்கு, நீங்கள் சொல்வதைக் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அவருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் படிக்கும்போது என் அம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டே கேட்பார். என்ட்ரோபி என்றால் என்ன என்று ஒரு நாள் விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தி, "இப்பச் சொன்னது உனக்கே புரியலையாட்ட இருக்குது கண்ணு" என்றார். உண்மைதான், அந்த இடத்தில் நான் புத்தக வரியை அப்படியே ஒப்பித்திருந்தேன். நீங்கள் அப்பாவிடம் ஆரம்பியுங்கள். தறி மோட்டாரைப் போட்டதும் விளக்கு ஒரு நொடி மங்குகிறதே, அது ஏன் என்று அவருக்கு விளங்கும்படி சொல்லிப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும்போது ஓடும் மோட்டாரைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது என்பதில் தொடங்கி, ஒயரில் மின்னழுத்தம் குறைவது, சுழற்சி வேகம் ஏற ஏற மின்னோட்டம் இறங்குவது வரை வாருங்கள். ஃபாரடே விதியும் லென்ஸ் விதியும் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இங்கேயே தமிழ் மீடியம் பேச்சையும் முடித்துவிடுகிறேன். தமிழில் யோசிப்பதால் வேகம் குறையும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். டிஃப்ராக்‌ஷன் என்ற சொல்லை மட்டும் கேட்டவருக்கு அதிலிருந்து ஒன்றும் புரியாது. 'விளிம்பு விளைவு' என்று படித்த உங்களுக்கு, ஒளி ஒரு விளிம்பைத் தாண்டும்போது நடப்பது என்று சொல்லே சொல்லிக்கொடுத்துவிட்டது. அது உங்கள் சொத்து. ஒரு நோட்டில் இரண்டு பக்கமாக எழுதுங்கள்: விளிம்பு விளைவு, டிஃப்ராக்‌ஷன், திருப்பு விசை, டார்க், உந்தம், மொமென்டம். இருநூறு சொல் இருக்கும், ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். தினமும் ரயிலில் கோவைக்குப் போகும் நேரம் இதற்குப் போதும்.

கலைச்சொற்களில் தமிழ் வழிப் பிள்ளைகள் தடுமாறி நான் பார்த்ததில்லை. கேள்வியின் சாதாரண ஆங்கிலத்தில்தான் தடுமாறுகிறார்கள். 'எக்ஸெப்ட்' என்று ஒரு சொல் வரும், பொருந்தாத ஒன்றைக் கேட்பதற்கு. அதைக் கவனிக்காமல் பொருந்துகிற முதல் விடையைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 'நெக்லிஜிபிள்' என்றால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதே என்று அர்த்தம். 'இனிஷியலி அட் ரெஸ்ட்' என்றால் ஆரம்ப வேகம் பூஜ்ஜியம், கணக்கில் ஒரு உறுப்பு குறைந்துவிடும். பழைய தாள்களைப் படிக்கும்போது இப்படிப்பட்ட சொற்களுக்குக் கீழே கோடு போட்டு வாருங்கள். திரும்பத் திரும்ப முப்பது நாற்பதுதான் வரும்.

எல்லோரும் ஒதுக்கும் இரண்டு சின்னப் பகுதிகள் உண்டு. சிறப்புச் சார்பியல் 6 சதவீதம், ஆய்வக முறைகள் 6 சதவீதம். 70 கேள்வியில் எட்டு ஒன்பது வந்துவிடும், படிக்க வேண்டியதோ கொஞ்சம். சார்பியலில் ஒளி வேகத்தில் 0.6, 0.8 என்ற எண்களை அடிக்கடி பார்ப்பீர்கள். கால்குலேட்டர் இல்லாததால் வர்க்கமூலம் சுலபமாக வரும் எண்களாகக் கொடுக்கிறார்கள். 0.6க்கு நேரம் 5/4 மடங்கு நீளும், 0.8க்கு 5/3 மடங்கு. இந்த இரண்டையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். உதகையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 என்ற அண்டக்கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அண்டக்கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்களைப் பிடிக்கிறார்கள். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளி வேகத்திலேயே போனாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த மியூவான் உதகைக்கும் வருகிறது, கீழே மேட்டுப்பாளையத்துக்கும் வருகிறது. ஏன் என்பதை நம் பார்வையிலிருந்து ஒரு தடவை, மியூவானின் பார்வையிலிருந்து ஒரு தடவை விளக்கிவிட்டீர்கள் என்றால் அந்தப் பகுதியில் பாதி முடிந்தது.

ஆய்வக முறைகள் என்றால் பிழைக் கணக்கு, அலைநோக்கி, மடக்கை வரைபடம் மாதிரி. நிமிடத்துக்கு 100 துகள் எண்ணினால் பிழை அதன் வர்க்கமூலமான 10, அதாவது 10 சதவீதம். அதை 1 சதவீதமாகக் குறைக்க எவ்வளவு நேரம் எண்ண வேண்டும்? பத்து மடங்கு என்று வாய் சொல்லும். 10,000 துகள் எண்ண வேண்டும், ஆக 100 நிமிடம். ரெக்கார்ட் நோட்டை யாரிடமாவது வாங்கிப் பார்த்து எழுதாமல் நீங்களே அளந்து எழுதியிருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு இலவசம்.

பழைய தாள்கள் பற்றி. 1986, 1992, 1996, 2001, 2008, 2017 ஆண்டுகளின் முழுத் தாள்களை ஈடிஎஸ் வெளியிட்டிருக்கிறது. அவை 100 கேள்வி, 170 நிமிடம். இப்போது 70 கேள்வி, 120 நிமிடம். வகுத்துப் பாருங்கள், கேள்விக்கு ஒரு நிமிடம் நாற்பத்து சொச்சம் நொடி என்பது மாறவேயில்லை. அதனால் பழைய தாளில் பழகும் வேகம் புதிய தேர்வுக்கும் பொருந்தும். ஆனால் ஆறே தாள்தான். வெல்லக்கட்டி மாதிரி ஒரே நாளில் தின்றுவிடாதீர்கள். ஒன்றை இப்போதே, ஒன்றும் படிக்காமல், கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். முப்பது சரியாக வந்தாலும் கவலை வேண்டாம், எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிவதற்குத்தான் அது. நடுவில் மூன்றைப் பயன்படுத்துங்கள். கடைசி இரண்டை ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2017க்கு முந்தைய தாள்களின் விதிப்படி தப்புக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள், அதைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றுக்கும் விடை குறித்துப் பழகுங்கள்.

எழுதும்போது வரிசையாகப் போகாதீர்கள். முதல் சுற்றில் பார்த்ததும் தெரிவதை மட்டும் போட்டுக்கொண்டு கடைசிக் கேள்வி வரை போய்விட வேண்டும். நான் எழுதியபோது பன்னிரண்டாவது கேள்வியில் ஏழு நிமிடம் சிக்கிக்கொண்டேன், தொண்ணூறுக்கு மேல் இருந்த சுலபமான நாலைந்து கேள்விகளை நேரமில்லாமல் பார்க்கவே முடியவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

தறிச் சத்தத்திலேயே படித்துப் பழகிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். தேர்வு மையத்தில் இருக்கும் அமைதிதான் உங்களுக்குப் புதுசாக இருக்கும். மாதம் இரண்டு தடவையாவது கல்லூரி நூலகத்தில் இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் கணினித் திரையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் உண்டு. தறியை நிறுத்தி, கரண்ட் போகாமல், இணையம் அறுந்துவிடாமல், அறைக்குள் யாரும் வராமல் பார்த்துக்கொள்வதெல்லாம் உங்கள் வீட்டில் கஷ்டம். மையத்துக்கே போங்கள்.

அப்புறம் பாஸ்போர்ட். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கோவையிலேயே மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு தலைவலி. மார்க் ஷீட்டில் பெயரும் ஒற்றை எழுத்து இனிஷியலும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். தேர்வுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து பதிய வேண்டும். பெயர் பொருந்தவில்லை என்று வாசலில் திருப்பி அனுப்பினால் கட்டிய பணமும் போய்விடும்.

அப்பாவிடம் என்ன சொல்வது? தேர்வுக் கட்டணம் 150 டாலர் அளவில் இருக்கும், பதியும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேர்வுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விண்ணப்பக் கட்டணம் வாங்கும், ஆறு இடத்துக்கு விண்ணப்பித்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய செலவு. கேட்டால் தள்ளுபடி தரும் துறைகளும் உண்டு, தயங்காமல் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கோச்சிங்குக்குக் கொடுக்க நினைத்த பணத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு. அமெரிக்காவில் இயற்பியல் பிஎச்.டி.யில் இடம் கொடுக்கும்போது பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்த உதவுவதற்கும் ஆய்வுக்கும் மாதச் சம்பளமும் தருவார்கள். நிலத்தையோ தறியையோ அடமானம் வைக்க வேண்டிய படிப்பு இது அல்ல. உதவித்தொகை இல்லாமல் இடம் மட்டும் தருகிறோம் என்று கடிதம் வந்தால் போகாதீர்கள்.

மூன்று வருட பி.எஸ்சி.யை மட்டும் வைத்து விண்ணப்பித்தால் பல துறைகள் ஏற்காது. நீங்கள் எம்.எஸ்சி. படிப்பதால் அந்தத் தடை இல்லை. ஆனால் மதிப்பெண்ணோடு உங்களை நேரில் அறிந்த மூன்று ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தால், அங்கே இருப்பவர் எழுதும் கடிதம் ஜிஆர்இ மதிப்பெண்ணுக்குச் சமமாகவே எடுபடும். நம் நாட்டு ஆய்வு நிலையங்களில் சேர்வதற்கான ஜெஸ்ட், டாடா நிலையத்தின் டிஐஎஃப்ஆர் நுழைவுத் தேர்வுகளையும் விடாதீர்கள். பாடம் பெரும்பாலும் ஒன்றுதான், அமெரிக்கா தட்டிப்போனாலும் நம் நாட்டிலேயே நல்ல இடம் கிடைக்கும்.

இந்த வாரமே 2001ஆம் ஆண்டுத் தாளை எடுத்து 170 நிமிடம் வைத்து எழுதுங்கள். எத்தனை சரி என்று எனக்குச் சொல்ல வேண்டாம். தப்பு நோட்டின் முதல் நான்கு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எந்தப் பாடத்தில் ஆரம்பிப்பது என்று எழுதுகிறேன்.